ராணியின் தலையில் எத்தனை கொலை?

மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவர் சுபயாலத் ராணியைப் பற்றித் தமிழில் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார். நான் யாங்கோனில் இருக்கிறேன், பர்மியம் படிக்கத் தெரியும், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன் என்பதையெல்லாம் யார் மூலமோ கேள்விப்பட்டு, அத்தியாயம் அத்தியாயமாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கிறார். "தப்பு இருந்தா சொல்லுங்கக்கா" என்பார். சொன்னால், "கதைதானேக்கா" என்பார். எங்கள் சண்டை சில மாதங்களாக இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுபயாலத் பர்மாவின் கடைசி ராணி. மிண்டோன் மன்னரின் மகள். அதே மிண்டோனுக்கு வேறொரு ராணியிடம் பிறந்த தீபோவைக் கட்டிக்கொண்டவள். (அந்த அரண்மனையில் அது வழக்கம், முகம் சுளிக்க வேண்டாம்.) 1878 அக்டோபரில் மிண்டோன் இறந்ததும் தீபோ அரசனானார். 1885 நவம்பர் 29 அன்று ஆங்கிலேயத் தளபதி பிரெண்டர்காஸ்ட் மண்டலே அரண்மனைக்கு வந்து இருவரையும் இறக்கினார். ஐராவதி ஆற்றில் நீராவிப் படகு, ரங்கூனில் (இப்போதைய யாங்கோன்) கப்பல், பிறகு மதராஸ், அங்கிருந்து கொங்கணக் கரையில் ரத்னகிரி. தீபோ 1916 டிசம்பரில் ரத்னகிரியிலேயே இறந்தார். சுபயாலத்தை 1919-இல் ரங்கூனுக்குத் திரும்பி வரவிட்டார்கள், மண்டலேக்குப் போகவிடவில்லை. 1925 நவம்பரில் இறந்தாள். ஷ்வேடகோன் பகோடா சாலையில் வெள்ளையடித்த சமாதி இருக்கிறது. பக்கத்திலேயே ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்ட், ஆங் சான் சூகியின் தாய் டோ கின் சீ, கவிஞர் தக்கின் கோடோ மைங் ஆகியோரின் சமாதிகள். பகோடாவுக்குப் போகிறவர்கள் தினமும் கடந்து போகிற இடம்தான்.

தம்பியின் நான்காம் அத்தியாயத்தில் ஆரம்பித்தது வம்பு.

1879 பிப்ரவரி. தீபோவுக்குப் போட்டியாக வரக்கூடிய இளவரசர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் அரண்மனைக்குள்ளேயே கொன்றார்கள். எண்பது பேர் என்று ஒரு கணக்கு, நூறு வரை போகும் இன்னொன்று. ராஜ ரத்தம் மண்ணில் சிந்தக் கூடாது என்பதால் வெல்வெட் சாக்கில் கட்டி அடித்தார்கள் என்றும், அலறல் வெளியே கேட்காமலிருக்க மேளம் முழங்கியது என்றும் சொல்வார்கள். தம்பி இதையெல்லாம் எடுத்துக்கொண்டு, மாடத்தில் சுபயாலத்தை நிறுத்திவிட்டார். கையில் சுருட்டு, உதட்டில் சிரிப்பு. ஒவ்வொரு சாக்கு விழும்போதும் அவள் விரல் சொடுக்குகிறாள். எழுத்து நன்றாகவே இருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

அப்போது அவளுக்கு வயது 19. தீபோவுக்கு 20. அந்தக் கொலைகளுக்கு முதன்மைப் பொறுப்பை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் வைப்பது அவள் தாய் சின்பியூமஷின் மீதும், தைங்டா மிங்ஜி போன்ற அரண்மனை ஆட்கள் மீதும்தான். மிண்டோன் படுக்கையில் கிடந்தபோதே, அரசர் பார்க்கக் கூப்பிடுகிறார் என்று இளவரசர்களை வரவழைத்துச் சிறைவைத்தது அந்தத் தாய்தான். நியாங்யான், நியாங்ஓக் என்ற இரண்டு இளவரசர்கள் மட்டும் தப்பி ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தார்கள். வெளியே இரண்டு வாரிசுகள் ஆங்கிலேயர் கையில் இருக்கும்போது உள்ளே இருப்பவர்களை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்ற பயம் அரண்மனை முழுக்க இருந்தது. அதற்கு 13 வருடம் முன்பு, 1866-இல், மிண்டோனின் சொந்த மகன்கள் இருவரே கலகம் செய்து சிற்றப்பன் கனாவுங்கை வெட்டிப் போட்டிருந்தார்கள். இதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். மகளுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தாயின் திட்டம், மந்திரிகளின் கணக்கு, முந்தைய கலகத்தின் பயம் எல்லாம் சேர்ந்து செய்ததை ஒரு பெண்ணின் சிரிப்புக்குள் அடைக்கிறாரே தம்பி என்பதுதான் என் குறை.

"வில்லி வேணுமேக்கா. மாமியாக்காரியா வச்சா எடுபடாது" என்றார்.

சரித்திர நாவலில் எது சரி, எது தப்பு என்று நிறையப் பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள். சேலையின் நிறம், நகையின் காலம், அந்த நூற்றாண்டில் மிளகாய் இருந்ததா என்பதிலெல்லாம் எனக்குப் பெரிய அக்கறை கிடையாது. ராணி என்ன பேசினாள், யாரை நினைத்து உருகினாள், பகலில் எங்கே தூங்கினாள், எல்லாவற்றையும் எழுதுகிறவர் இஷ்டத்துக்கு விட்டுவிடலாம். ஒன்றை மட்டும் விட முடியாது: பழி. உயிரோடு இருந்த ஒரு பெண்ணின் தலையில் ஆதாரம் இல்லாத கொலையைக் கட்டவும் கூடாது, ஆதாரம் இருக்கிற கொலையை அவிழ்த்துவிடவும் கூடாது. அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி உண்டு, நாணயம் உண்டு, பாட எப்போதும் ஆள் உண்டு. ராணிகளைப் பற்றி எழுதி வைத்தவர்களில் பாதிப் பேர் அவர்களைத் தோற்கடித்தவர்கள். அந்த எழுத்தை ஆதாரமாக வைத்து நாவல் எழுதினால் அவள் இரண்டாவது தடவையும் தோற்கிறாள்.

சுபயாலத்துக்கு அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால், ரங்கூன் துறைமுகத்துக்குத்தான் வர வேண்டும். 1879-க்கும் 1885-க்கும் நடுவில் இங்கிருந்த ஆங்கில வியாபாரிகளுக்கு, தீபோ ஆண்ட வடக்கு பர்மாவும் வேண்டும் என்ற அவசரம். தீபோ குடிகாரன், பெண்டாட்டி ரத்தப் பேய் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. பிரெஞ்சுக்காரர்கள் மண்டலேயோடு உறவு வைத்துக்கொண்டது லண்டனுக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் சாக்கு கிடைத்தது தேக்கு மரத்தில். கணக்குக் காட்டாமல் மரம் வெட்டினார்கள் என்று பம்பாய் பர்மா கம்பெனிக்கு மண்டலே அரசவை 1885-இல் சுமார் 23 லட்சம் ரூபாய் தண்டம் போட்டது. அக்டோபரில் இறுதி எச்சரிக்கை, நவம்பரில் படை. இரண்டே வாரத்தில் முடிந்த யுத்தம். மரத்துக்காக ஒரு நாட்டை எடுத்துக்கொண்டோம் என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் கூசும். கொடூர ராணியிடமிருந்து மக்களைக் காப்பாற்றினோம் என்றால் கேட்க நன்றாக இருக்கும்.

பிறகு இலக்கியம் வந்தது. கிப்ளிங் 1890-இல் எழுதிய பாட்டில், சுருட்டுப் புகைக்கும் சாதாரண பர்மியப் பெண்ணுக்குத் தீபோவின் ராணி பெயரையே வைத்தார். அந்த மனிதர் 1889-இல் ரங்கூனிலும் மோல்மேனிலும் இறங்கிவிட்டுப் போனவர். எந்த மண்டலேயை உலகத்துக்கே பாட்டாகக் கொடுத்தாரோ அந்த மண்டலேக்குப் போனதே கிடையாது. 1929-இல் டென்னிசன் ஜெஸ்ஸி என்ற ஆங்கில எழுத்தாளர் 'தி லேக்கர் லேடி' என்ற நாவலை எழுதினார். அதில் அரண்மனைப் பணிப்பெண் ஒருத்தி, காதலன் கைவிட்ட கோபத்தில் பிரெஞ்சு ரகசியத்தை ஆங்கிலேயருக்குக் கொடுத்துவிடுகிறாள், ராஜ்ஜியம் போகிறது. நன்றாக எழுதப்பட்ட நாவல், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 23 லட்சம் ரூபாய் தண்டத்தையும் தேக்கங்காட்டையும் பின்னால் தள்ளி, ஒரு பெண்ணின் கண்ணீரை முன்னால் இழுத்துவிடுகிறது. பழி ராணியிடமிருந்து வேலைக்காரிக்கு மாறியது, கம்பெனிக்குப் போகவே இல்லை.

இதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. என் கொள்ளுத்தாத்தா சிவகங்கைப் பக்கத்திலிருந்து இங்கே நெல் ஆலை வேலைக்கு வந்தவர். பி.ஐ. என்ற ஆங்கிலக் கப்பல் கம்பெனியின் கப்பல்களில் லட்சக்கணக்கில் நம் ஆட்கள் வந்து இறங்கிய வழி, அந்த ராணியை இறக்கியவர்கள் திறந்துவிட்ட வழி. ஆகவே ராணியைப் பற்றி நம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்ததும் துரைமார்களின் கதைதான். சின்ன வயதில் நான் அடம்பிடித்தால் பாட்டி, "வந்துட்டா பெரிய சுபயாலத்து, தலைய வாங்காம விட மாட்டா" என்பாள். சுபயாலத் இந்த ஊரில் கடைசி ஆறு வருடம் வாழ்ந்தபோது என் பாட்டியும் இதே ஊரில் சிறுமி. சர்ச்சில் சாலையிலிருந்த அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் அரண்மனை வழக்கப்படி தரையில் விழுந்து கும்பிட வேண்டும் என்று ராணி எதிர்பார்ப்பாளாம். ராஜ்ஜியம் போன பிறகும் திமிர் போகவில்லை என்று பாட்டி சிரிப்பாள். திமிர் இல்லாமல் முப்பது வருடச் சிறையை எப்படித் தாண்டியிருக்க முடியும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. பாட்டியிடம் அப்படிச் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்.

தம்பி விடவில்லை. "கல்கி செய்யலையா? நந்தினிய வச்சுத்தானே பொன்னியின் செல்வன் ஓடுது?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

போன வருடம் என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, படத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்து, "நந்தினி சமாதி எங்க இருக்கு டீச்சர்?" என்று கேட்டது. யாங்கோன் பிள்ளைக்கு அது இயல்பான கேள்வி. இங்கே ராணி என்றால் சமாதி இருக்கும். சுபயாலத் ஒரு பக்கம், டெல்லியிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த பகதூர் ஷா ஜாபரும் அவர் ராணி ஜீனத் மகாலும் இன்னொரு பக்கம். இரண்டுமே ஷ்வேடகோனுக்குப் பக்கம். நந்தினிக்குச் சமாதி இல்லையம்மா, அவள் கல்கி உண்டாக்கியவள் என்றதும் பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது.

1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்தக் கதையில் கல்கியின் சாமர்த்தியமே அங்கேதான் இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் யார் என்பதற்கு உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராசன் என்று ஆண்களின் பெயர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் சொத்துப் பறிபோனவர்களின் வரிசையில்தான் வருகிறார்கள். உத்தம சோழனுக்கு இதில் கை உண்டு என்று சந்தேகப்பட்ட வரலாற்றாசிரியர்கள் உண்டு. கல்கி நினைத்திருந்தால் உத்தமனின் தாய் செம்பியன் மாதேவியையே சூழ்ச்சிக்காரியாக்கியிருக்கலாம். பிள்ளைக்குப் பட்டம் வேண்டும் என்று துடிக்கும் தாய், பத்திரிகைத் தொடருக்கு அதைவிட நல்ல சரக்கு கிடைக்குமா? அவர் செய்யவில்லை. விஷத்தை முழுக்க ஊற்றுவதற்கென்றே நந்தினி என்று ஒருத்தியைப் படைத்தார். அவளையும் கொலை நடந்த அறையில் நிறுத்திவிட்டு, கத்தி யார் கையில் இருந்தது என்பதை மங்கலாகவே விட்டார்.

செம்பியன் மாதேவி விஷயத்தில் இன்னும் வேடிக்கை. கல்வெட்டுகள் அந்த அம்மையாரை 'உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த' பிராட்டியார் என்கின்றன. கல்கி பிள்ளை மாற்றிய கதையைக் கொண்டுவந்து, வளர்த்த பிள்ளை வேறு, பெற்ற பிள்ளை வேறு என்று ஐந்து பாகம் சுற்றவிட்டு, கடைசியில் பெற்ற பிள்ளையையே உத்தம சோழனாக்கிச் சிம்மாசனத்தில் உட்காரவைத்துவிடுகிறார். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கல்வெட்டு நிற்கிற இடத்துக்கே வந்து இறங்குகிறார். குந்தவையும் அப்படித்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்' என்று வெட்டச் சொல்கிறான். அக்கனுக்கு அடுத்துத்தான் மனைவிமார். இந்த ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு கல்கி ஒரு முழுப் பெண்ணையே எழுப்பிவிட்டார். அதில் யாருக்கும் சேதமில்லை.

பழியைப் போலவே புகழையும் கட்டுகிறார்கள் என்பது இன்னொரு தொல்லை. பழையாறைக்குப் பக்கத்தில் பஞ்சவன் மாதேவிக்கு ராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில் இருக்கிறது. சிற்றன்னைக்கு அப்படி ஒரு கோயில் எடுத்தான் என்பதே பெரிய செய்தி. அது போதாதென்று, மாற்றாள் மகனுக்குப் போட்டி வரக் கூடாது என்று அவள் மருந்து தின்று மலடியாகிக்கொண்டாள் என்று வாட்ஸ்அப்பில் மாதம் ஒரு தடவை வருகிறது. கல்வெட்டில் மருந்தும் கிடையாது, மலடும் கிடையாது. பெண் நல்லவள் என்று நிரூபிக்க அவள் கருப்பையைக் கேட்கிற புத்தியை என்னவென்று சொல்வது?

கருப்பை என்றதும் தம்பியின் ஏழாம் அத்தியாயம் ஞாபகத்துக்கு வருகிறது. அரண்மனையை விட்டு வெளியேறும் காட்சி. தங்கப் பல்லக்கில் போனவர்களைச் சாதாரண மாட்டுவண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோன நாள். 'கொடியிடை துவள' ராணி வண்டி ஏறுகிறாள் என்று எழுதியிருந்தார். மூன்றாவது இளவரசி 1886 மார்ச்சில் மதராஸில் பிறந்தாள். விரலை விட்டு எண்ணிப் பாருங்கள் தம்பி என்றேன். நவம்பர் 29 அன்று அந்த ராணிக்கு ஐந்து மாதம் தாண்டியிருக்க வேண்டும். ஏற்கெனவே பிள்ளையைப் பறிகொடுத்தவள், இரண்டு சின்னப் பெண்களைக் கூட வைத்துக்கொண்டு, வயிற்றில் ஒன்றோடு, எங்கே கொண்டுபோகிறார்கள் என்று தெரியாமல் மாட்டுவண்டியில் குலுங்கிக்கொண்டு போகிறாள். நம் நாவலாசிரியர்களுக்கு ராணியின் இடுப்பு மேல் இருக்கிற அக்கறை வயிற்றின் மேல் இருப்பதில்லை. கெட்டிக்காரத்தனமாகக் கற்பனை செய்ய வேண்டிய அவசியமே இல்லாத இடம் அது. தேதியைப் பார்த்தாலே காட்சி தானாக வந்து நிற்கும்.

மதராஸ் அத்தியாயத்தை நான் அநேகமாகத் தொடவில்லை. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே இருந்தார்கள். கிராண்ட் டஃப் கவர்னராக இருந்து மெரினாவில் உலாவும் பாதை போட்ட காலம் அது. தம்பி அவளை மாலை வேளையில் அந்தக் கடற்கரையில் நடக்கவிட்டு, பூக்காரி ஒருத்தியோடு பேசவும் வைத்திருந்தார். காவலில் இருந்தவளை அப்படி உலாவவிட வேண்டாம், பூக்காரியின் குரலை ஜன்னல் வழியாகக் கேட்கவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். உடனே ஒத்துக்கொண்டார். தெரியாத ஊரில் மகளைப் பெற்றெடுக்கும் ராணிக்குத் தெருவில் தமிழ் கேட்கிறது. எந்தக் கல்வெட்டிலும் இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை. படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

நான் இவ்வளவு கத்தியதன் பலன், அடுத்து வந்த திருத்தப் பிரதியில் சுபயாலத் தெய்வமாகிவிட்டாள். மாடம் போச்சு, சிரிப்புப் போச்சு. ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற வீராங்கனை. மூத்த மந்திரி கின்வுன் மிங்ஜி சமாதானம் பேசலாம் என்றபோது சண்டைதான் என்று நின்றவள் என்பது வரைக்கும் சரி. ஆனால் டைங் கின் கின்னைக் காணோம்! தீபோ மனம் வைத்த பெண், மந்திரி வீட்டுப் பேத்தி. அவளைப் பிடித்துக் கொன்றதில் சுபயாலத்தின் கை இருந்தது. தாயின் மேல் போட்டுத் தப்பிக்க முடியாத கணக்கு இது. "நீங்கதானேக்கா பழி போடாதேன்னீங்க" என்றார். கின் கின்னும் உயிரோடு இருந்த பெண்தானே தம்பி, அவளுக்குச் சமாதிகூட இல்லையே என்றேன். ராணியை வெள்ளையடிக்க அந்தப் பெண்ணை அழித்தால், கொன்றது ஒரு தடவை, கதையிலிருந்து தூக்கியது இன்னொரு தடவை. ரொம்ப நேரம் பதில் வரவில்லை. மறுநாள் கின் கின் திரும்பி வந்துவிட்டாள், முன்பைவிட நல்ல அத்தியாயமாக.

இவ்வளவு கறார் பேசுகிற நான், ஷின் சாபு கதை என்றால் ஒன்றும் கேட்க மாட்டேன். 15-ஆம் நூற்றாண்டில் தெற்கு பர்மாவின் ஹந்தாவதி ராஜ்ஜியத்தைத் தன் பெயரிலேயே ஆண்டவள், மோன் இனத்து அந்த ராணி. வடக்கே ஆவா அரண்மனையிலிருந்து இரண்டு பிக்குகள் துணையோடு தப்பி வந்தாள், வயதான பிறகு யாரைப் பட்டத்துக்கு வைப்பது என்று அந்த இருவருக்கும் முன்னால் பிச்சைப் பாத்திரங்களை வைத்துப் பார்த்தாள், அவர்களில் தம்மஸேதிக்கு ராஜ்ஜியம் வந்த பாத்திரம் கிடைத்தது என்று ஊரே சொல்கிறது. நடந்ததோ இல்லையோ, அதில் யார் தலையும் உருளவில்லை. ஷ்வேடகோனுக்குத் தன் எடைக்கு எடை பொன் கொடுத்தாள் என்பார்கள், சுமார் 40 கிலோ. அந்த எண்ணைக் கேட்கும்போதெல்லாம் தராசின் மறு தட்டில் எலும்பும் தோலுமாக ஒரு கிழவி உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். எவராவது அந்த உடம்பை வைத்து ஒரு நாவல் எழுதினால் முதல் பிரதி எனக்கு வேண்டும்.

இப்போது சண்டை ரத்னகிரியில் வந்து நிற்கிறது. கடைசியில் கல்கி முடிவுரை எழுதி எது சரித்திரம், எது கற்பனை என்று வாசகரிடம் பேசியது போல நீங்களும் நாலு பக்கம் எழுதுங்கள் என்றேன். பதிப்பகத்தார் வேண்டாம் என்கிறார்களாம், விற்பனை படுத்துவிடும் என்று. முதல் இளவரசி அங்கே வாசல் காவலாள் ஒருவரிடம் பெற்ற குழந்தையைப் பற்றிக் காரசாரமாக இரண்டு அத்தியாயம் கேட்கிறார்களாம். சந்ததியார் இருக்கிறார்கள், பார்த்து எழுதுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த வீட்டில் இன்னொரு பெண் இருந்தாள். சுபயாகலே, ராணியின் கூடப் பிறந்த தங்கை. அவளும் தீபோவைத்தான் கட்டியிருந்தாள். மண்டலேயிலிருந்து கூடவே வந்து, அக்காவின் ஆட்சி நடந்த வீட்டில் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்து, 1912-இல் அங்கேயே இறந்தாள். அக்காவின் சமாதி யாங்கோனில், புருஷனின் சமாதியும் தங்கையின் சமாதியும் ரத்னகிரியில். தம்பியின் பிரதியில் அவளுக்கு மூன்றே வரி, அதில் இரண்டில் தேநீர் கொண்டுவருகிறாள்.

"அவளப் பத்தி ஒண்ணுமே தெரியலையேக்கா, எத வச்சு எழுத?" என்றார்.

ஒரே புருஷன், ஒரே கூரை, யாரையும் கொலை செய்யாத தங்கை, சுற்றிலும் அயல் ஊர். இதற்கு மேல் என்ன வேண்டும் தம்பி, இங்கே நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம், நான் வாயே திறக்க மாட்டேன் என்றேன். தீபாவளிக்குள் இரண்டு அத்தியாயம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.